பாலையூற்றில் சொன்ன சாட்சி

கந்தளாய்க்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தார். ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஒரு மணித்தியாலம் செல்லும்" என்று தமிழில் அறிவித்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் அரியலூர்ப் பக்கமாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் ஓட்டுநரின் குடும்பத்தையே இழுத்திருப்பார்கள். இங்கே பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சாலையோரக் கடையில் போய் உட்கார்ந்தார்கள்.

கடையில் பால் கலக்காத தேநீர் கொடுத்தார்கள். சீனி தூக்கலாக இருந்தது. எதிரில் உட்கார்ந்த அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"எங்க போறீங்கள்?"

"பாலையூத்துக்கும்மா. ஒரு திவசம்."

"ஆர் செத்தது?"

"என்கூட வேலை பார்த்தவர்."

"வருத்தமோ?"

"ஆமாம்மா, வருத்தந்தான்" என்றேன். அந்த அம்மாள், "எல்லாருக்கும் இப்ப ஒவ்வொரு வருத்தம்" என்று சொல்லித் தன் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஆக, அந்த ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே சிவராசாவின் சாவைப் பற்றி இன்னொரு பொய் சொல்லியாகிவிட்டது.

சிவராசா என்னோடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். சுரங்கம் என்றால் பூமிக்குள் போகிற குகை இல்லை. திறந்தவெளியில் படிப்படியாக வெட்டிக்கொண்டே இறங்குகிற பெரும் பள்ளம். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கல்லை லாரியில் ஏற்ற வேண்டும். நாங்கள் இருவரும் துளை போடுகிற இயந்திரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர் சண்டைக் காலத்தில் தாயோடு படகேறி வந்த அகதி. முகாமிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருவார். பதினொரு வருடத்துக்கு முன்னால், எங்கள் வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாள், சுரங்க வாசலில் லாரி ஏறி இறந்துபோனார்.

முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பம் என் பெயரை அவருடைய அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறது. மாமாவோடு ஒரே தூக்குச்சட்டியிலிருந்து சாப்பிட்டவர் என்று. அந்தப் பெண் கௌரி எப்படியோ என் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, "அம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுறா. இந்த முறை திவசத்துக்கு வாங்கோ அங்கிள்" என்று அழைத்தாள்.

ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டது உண்மை. அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சிவராசா செத்த மூன்றாம் நாள் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். 'இறந்தவர் இந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர் அல்ல. குடித்துவிட்டு வந்து லாரிக்கு முன்னால் தானாக விழுந்தார்.' அதுதான் அந்தக் காகிதம். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஐம்பத்தொன்பது வயதில் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பினேன். சொல்வேனா என்பது அந்தச் சாலையோரக் கடையில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு நிச்சயமில்லை.

திருகோணமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. காட்டில் அல்ல, சாலையில். ஒன்று குப்பைத் தொட்டியில் தலையை விட்டு வாழையிலையை இழுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் அதைச் சுற்றி ஓட்டிப் போனார்கள். எங்கள் ஊரில் நாய்க்குக்கூட இவ்வளவு வழி விடமாட்டார்கள். வேறொரு வேலையாக வந்திருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

கௌரி ஸ்கூட்டரில் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கச்சேரியில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், குமாஸ்தா வேலை. எனக்கு ஓர் ஆட்டோ பிடித்துவிட்டுத் தான் முன்னால் போனாள். பாலையூற்று நகரத்தை ஒட்டியே இருக்கிறது. மதில் சுவர் வைத்த சிறு சிறு வீடுகள், முருங்கை, தென்னை. வாசலில் சிவராசாவின் அக்கா யோகேஸ்வரி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ர தம்பியோட சாப்பிட்ட கை" என்றார்.

எனக்குக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

உள்ளே கதிரை என்று அவர்கள் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்து இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் பரிமாறினார். "திவசம் வருகுது, வீட்டில மச்சம் இல்லைத் தம்பி. குறை நினையாதையுங்கோ" என்றார். மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். அந்த இடியப்பத்தை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். நூல்போல மெலிந்து, வாயில் வைத்ததும் கரைந்தது. சிவராசா எங்கள் ஊர் இடியாப்பத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சுவரில் மாலை போட்ட படம் ஒன்று. இருபத்திரண்டு வயதுப் பையன், அடர்ந்த சுருள்முடி. என்னால் அடையாளம் காண முடியவில்லை.

"இதுக்குப் பிறகு படம் இல்லை" என்றார் யோகேஸ்வரி அக்கா. "கடைசியில எப்பிடி இருந்தவன்?"

"முடி கொட்டிப்போச்சுங்க அக்கா. முன்னால சுத்தமா இல்ல."

"சிவராசாவுக்கோ?" அவர் சிரித்தார். கௌரியும் சிரித்தாள். பிறகு என்னவெல்லாமோ கேட்டார்கள். கண்ணாடி போட்டிருந்தாரா, வெற்றிலை போடுவாரா, யாரையாவது கல்யாணம் கட்ட நினைத்தாரா. தெரிந்ததைச் சொன்னேன். தீபாவளி முடிந்து ஊருக்குத் திரும்பிவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டை எடுக்க வந்தவர் என் பக்கத்தில் நின்று, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, அவன் குடிச்சவனோ?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பயணத்துல வந்தது ரொம்ப அசதியா இருக்குங்க அக்கா" என்றேன். "ஓம் ஓம், படுங்கோ" என்று பாயை விரித்தார். வெளியில் இன்னும் வெயில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன்.

மறுநாள் காலை பாணும் பருப்புக் கறியும். பாண் என்பது நம்முடைய ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கிண்ணியாவுக்கு அந்தப்பக்கம் குறிஞ்சாக்கேணியில் ஹனீபா என்று ஒருவர். இளவயதில் சிவராசாவோடு துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை தூக்கியவர். திவசத்துக்கு வருடா வருடம் எருமைத் தயிர் அவர்தான் தருவார். "அவரையும் ஒருக்காச் சந்தியுங்கோ. உங்களிட்ட கேக்க அவருக்கும் கனக்க இருக்கும்" என்றார்.

ஆட்டோ துறைமுகத்தை ஒட்டிப் போனது. குடா பெரியது. மலைகள் சுற்றி அணைத்துக்கொண்டு நிற்க, தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் ஒரு சிமென்ட் ஆலையின் உயரமான கோபுரங்கள் தெரிந்தன. எனக்கு அந்தச் சாம்பல் நிறம் தெரியும். எங்கள் ஊரில் கூரை, புளியமரம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நிறந்தான். சிவராசா சிறுவயதில் இந்தக் கோபுரங்களைப் பார்த்தபடி சைக்கிளில் போயிருப்பார். கடைசியில் கடல் கடந்து வந்து சிமென்ட்டுக்கே கல் உடைத்திருக்கிறார்.

கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ஆட்டோ இருமி நின்றது. ஓட்டுநர் இரண்டுமுறை உதைத்துப் பார்த்தார். "பெற்றோல் இல்ல. மன்னிச்சிக்கங்க" என்றார். நீளமான பாலம். தலைக்கு மேல் வெயில், கீழே ஒருவர் மட்டும் படகில் வலை வீசிக்கொண்டிருந்தார். இருவரும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே கரைக்கு வந்தோம். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டு, விவரம் தெரிந்ததும், "ஹனீபாக்காக்கா வீடா? அவர் மூட்டை தூக்கிற காலத்துல ரெண்டு மூட்டைய ஒண்டாத் தூக்குவாராம்" என்றார். காக்கா என்றால் அங்கே அண்ணன். கூலி வாங்க மறுத்துவிட்டார். தள்ள வைத்ததற்காம்.

ஹனீபா இப்போது எதையும் தூக்கக்கூடிய ஆளாக இல்லை. இடுப்பு வளைந்து, கடல்நீர் தேங்கும் களப்பைப் பார்த்த வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி தயிர்ச்சட்டிகளைக் கட்டிவைத்துவிட்டு, எனக்கு ஒரு கிண்ணம் தயிரும் வெல்லப்பாகு போன்ற பாணியும் கொண்டுவந்தார். கத்தியால் வெட்டலாம் போலத் தயிர்.

"சிவராசா எங்கட வீட்டுல நோம்புக் கஞ்சி குடிக்க வருவான்" என்றார் ஹனீபா. "ஒரு நாளும் கள்ளு, சாராயம் எண்டு தொட்டதில்ல. அவன்ட அப்பா குடிச்சுக் குடிச்சுத்தான் செத்தாரு. தாய்க்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவன். அவன் குடிச்சிட்டு லொறில விழுந்தான் எண்டு கதை வரக்குள்ள நான் நம்பல்ல. ஆனா ஊரு நம்பிட்டு. அப்பனைப் போல மகன் எண்டு சந்தையில சென்னாங்க. அக்கா ஒரு வருசம் வாசலுக்கு வரல்ல."

தயிர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"யாரோ ஒருத்தன் பொலிசுக்கு எழுதிக் குடுத்தானாம்" என்றார் அவர். "கூட வேலை செஞ்சவனாம். அவனைக் கண்டா ஒரு வார்த்தை கேக்கணும் எண்டு நெடுகலும் நினைக்கிறன். என்ன கிடைச்ச உனக்கு எண்டு."

"நான்தாங்க அது" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். திரும்பவும் சொன்னேன். கையெழுத்துப் போட்டது நான் என்றேன். அவருடைய மனைவி கதவு நிலையில் அப்படியே நின்றார். களப்பில் யாரோ இயந்திரப் படகு ஓட்டிப் போனார்கள், ஹனீபா அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கிடைச்ச?" என்றார் கடைசியில்.

"நிரந்தர வேலை."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். குரல் உயரவில்லை. "இத எனக்கிட்டச் சென்னதுல ஒண்டுமில்ல. அக்காட்ட சொல்லணும். தனிய வெச்சுச் சொல்லாதீங்க. ஊருக்கு முன்னால கெட்ட பேரு வந்த. ஊருக்கு முன்னாலதான் சொல்லணும். நாளைக்கு நானும் வாறன்."

தயிர்ச்சட்டிகளோடு பேருந்தில் திரும்பினேன். சட்டி கவிழாமல் மடியில் அணைத்துப் பிடித்தபடியே வந்தேன். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது உதவியது.

மூன்றாம் நாள் திவசம். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அக்காவின் கொழுந்தன், பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர், முகாமிலிருந்து திரும்பிய அந்தக் குடும்பம். ஹனீபா சொன்னபடியே வந்து வாசல் பக்கம் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டார். ஐயர் கிரியையை முடித்துப் போனார். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணி, தயிர் எல்லாம் படைத்திருந்தார்கள். ஆசிரியர் தேவாரம் பாடினார். பாடி முடிந்ததும் அக்கா என்னைக் காட்டி, "இவர் எங்கட சிவராசாவோட வேலை செய்தவர். அவனைப் பற்றி ரெண்டு கதை சொல்லுவார்" என்றார்.

எழுந்து நின்றேன். ஹனீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சொன்னதை இங்கே எழுதுகிறேன். எங்கள் பள்ளத்தில் ஒருநாள் பாறை சரிந்து ஒருவனுடைய இடுப்பு நொறுங்கியது. ஆம்புலன்ஸ் இல்லை. கல் ஏற்றுகிற லாரியிலேயே போட்டுக்கொண்டு போனோம். சுரங்க வாசலில் எந்நேரமும் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று கேட்டோம். கேட்ட ஏழு பேரை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். அதனால் வேலைநிறுத்தம். ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னதே சிவராசாதான். அகதி, வம்பு வேண்டாம் என்று நாங்கள் தடுத்தோம். கேட்கவில்லை. ஐந்தாம் நாள் வெளியூர் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். வாசலில் கைகோத்து உட்கார்ந்தோம். முதல் லாரி நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. எல்லோரும் சிதறினோம். சிவராசா எழுந்து நின்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அவர் குடிக்கலை" என்றேன். "ஆறு வருசத்துல ஒருநாளும் குடிச்சுப் பார்த்ததில்லை. மூணாம் நாள் ஒப்பந்தக்காரரோட மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். எழுதியே கொண்டாந்திருந்தார். கையெழுத்துப் போட்டா நிரந்தர வேலை, போடலைன்னா கலவர வழக்குல என் பேரும் வரும்னார். எனக்கு ரெண்டு பொண்ணு. போட்டேன். அந்த வேலையில பதினோரு வருசம் இருந்து இப்பத்தான் ஓய்வு பெற்றேன். உங்க தம்பியைக் குடிகாரன்னு எழுதிக் கொடுத்தது நான்தாங்க அக்கா."

அக்காவின் கொழுந்தன் எழுந்து என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அக்கா, "இருங்கோ" என்றார். அவர் அப்படியே நின்றார்.

அக்கா என்னிடம் பேசவில்லை. படத்தைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மாக்குச் சத்தியம் பண்ணிப்போட்டுக் குடிச்சிட்டான் எண்டு எனக்குக் கோபம். முதல் மூண்டு வருசம் திவசம் செய்யேல்ல. ஒரு பிடி சோறு வைக்கேல்ல அவனுக்கு. நான் வைக்கேல்ல."

கௌரி போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உடன செத்தவனோ?"

"இல்லைங்க. கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சு."

"ஏதும் சொன்னவனோ?"

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "தெரியாதுங்க. நான் பக்கத்துல இல்லை. முந்திரித் தோப்புக்குள்ள ஓடிட்டேன்."

"அப்ப ஒருத்தரும் பக்கத்தில இல்லையோ?"

"அஞ்சலைன்னு ஒரு அம்மா. வாசல்ல டீக்கடை வச்சிருக்காங்க. அவங்க இருந்தாங்கன்னு கேள்வி."

"நீங்கள் கேக்கேல்லையோ அவவிட்ட?"

"இல்லைங்க." அந்த நாளுக்குப் பிறகு அஞ்சலையின் கடைக்கு நான் போனதே இல்லை. தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன். மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

"இப்ப கேளுங்கோ" என்றார் அக்கா.

ஊரில் இருக்கும் என் சின்ன மகளை அலைபேசியில் அழைத்தேன். அவள் யாரிடமோ கேட்டு அஞ்சலையின் எண்ணை அனுப்பினாள். வந்தவர்கள் எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. அஞ்சலை எடுத்தார். பின்னால் பாய்லர் சத்தம் கேட்டது. நான் யாரென்று சொன்னேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, அலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

"அம்மா, நான் சிவராசாட அக்கா."

"சொல்லுங்கம்மா" என்றது அந்தக் குரல். பாய்லரை அணைத்துவிட்டார் போல, சத்தம் நின்றது. "அம்மா, தலையை என் மடியிலதான் வச்சிருந்தேன். தண்ணி கொடுத்தேன், ரெண்டு மடக்கு குடிச்சார். தூங்கவிடக் கூடாதுன்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். பேர் கேட்டேன், சொன்னார். ஊர் எதுன்னு கேட்டேன். முகாமைச் சொல்வார்னு நெனச்சேன். திருக்கோணமலைன்னார்."

"ஊரைச் சொன்னவனோ?"

"சொன்னார்ம்மா. ரெண்டு தடவை சொன்னார். தெளிவாச் சொன்னார். சாராய வாடை இல்லம்மா. யாரும் என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

அக்கா அலைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் இரண்டு பேரும் பேசினார்கள். சில சமயம் அழுகை கேட்டது. ஒரு தடவை அக்கா, "ஓம், ஓம், இடியப்பமெண்டால் அவனுக்கு உயிர்" என்றது கேட்டது. கொழுந்தன் இலைகளை விரிக்கச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான் முற்றத்தில் போய் நின்றேன். ஹனீபா என் பக்கத்தில் வந்து நின்றார்.

பந்தி முடியும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டேன். கௌரி ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை, ஆனால் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அக்கா வாசல் படலைவரை வந்தார். அலைபேசியை என் கையில் கொடுத்தார். ஒரு பொட்டலமும் கொடுத்தார். சோறும் கறியும், வாழையிலையில் கட்டியது.

"தம்பி, வந்து சொன்னது நல்லது. இனி ஊரில ஒருத்தரும் அவனைப் பற்றி அப்பிடிக் கதைக்க ஏலாது. ஆனால் போயிட்டு வாங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல" என்றார். "கவனமாப் போங்கோ."

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவரை வெறும் 'போங்கள்' என்று யாரும் அனுப்புவதில்லை. "சரிங்க அக்கா" என்றேன். போயிட்டு வர்றேன் என்று நானும் சொல்லவில்லை.